ஒரே அளவு கிளே பீட்ஸ் வீட்டிலேயே செய்யலாம்: ஆனா உருட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!



சம்பளத்தைத் தாண்டி மாசம் ஒரு சின்னத் தொகை கையில் வரணும்னு யோசிக்கிற பலரும் முதலில் பார்ப்பது, வீட்டிலேயே செய்யக்கூடிய கைவேலைகளைத்தான். அதில் கிளே நகைக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. பெரிய மெஷின் வேண்டாம், கடை வேண்டாம், ஒரு மேசை போதும்.

ஆனா இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஒரு ஜோடி கம்மலில் ஒரு பீட் பெருசா, இன்னொண்ணு சிறுசா இருந்தா, வாங்குறவங்க கண்ணு நேரா அங்கேதான் போகும். அதனால உடனே எல்லாரும் "பீட் ரோலர்" தேடி ஆன்லைனில் ஆர்டர் போட்டுடுறாங்க. உண்மையில் ஒரே அளவு வர்றது ரோலரால் இல்லை. ரோலருக்குள்ள போற கிளேயை முன்னாடியே அளந்து வைக்கிறதாலதான். அந்த அளவுதான் உங்க செலவுக் கணக்குக்கும் அஸ்திவாரம். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில், எந்த கிளே?

நம்ம ஊரில் பிரபலமானது டெரகோட்டா. மண் விலை குறைவு. ஆனா அதைச் சுடணும். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல போனாதான் மண் தண்ணியில் கரையாத ஓடா மாறும். வாடகை ஃபிளாட்டில் இருக்கிறவங்களுக்கு இது நடைமுறையில் கஷ்டம்.

இன்னொண்ணு பாலிமர் கிளே. இது மண்ணே இல்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கிச் செய்த பொருள். பிராண்டைப் பொறுத்து 110 முதல் 130 டிகிரியில், வீட்டு ஓ.டி.ஜி. அவனிலேயே கெட்டியாகிடும். அதனால இந்தப் பதிவில் பாலிமர் கிளேயை வெச்சே சொல்றேன். டெரகோட்டா செய்றவங்களுக்கு எங்கே மாறும்னு நடுவில் சொல்லிடுறேன்.

ஒரு மில்லிமீட்டர்தானேன்னு விடாதீங்க

12 மி.மீ. பீட் செய்யணும்னு உட்கார்றீங்க. கண் அளவில் கிள்ளி உருட்டினதில் 13 மி.மீ. வந்திடுச்சு. ஒரு மில்லிமீட்டர்தானே? ஆனா உருண்டையின் கன அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏத்தபடி கூடும். 13-ஐ மூணு தடவை பெருக்கினா 2,197. 12-ஐ மூணு தடவை பெருக்கினா 1,728. அதாவது அந்த ஒரு மில்லிமீட்டருக்கு 27 சதவீதம் கிளே அதிகமா போகுது!

40 பீட் கோர்க்கிற ஒரு மாலையில், நீளமும் 48 செ.மீ.க்குப் பதிலா 52 செ.மீ. ஆகிடும். கஸ்டமர் கேட்ட நீளமும் வராது, உங்க கிளே பட்ஜெட்டும் நிக்காது.

"மூணில் ரெண்டு" ஃபார்முலா

இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. ஒரு உருண்டை அச்சாக உள்ளே அடங்குற உருளையை எடுத்துக்கிட்டா, உருண்டையின் கன அளவு அந்த உருளையில் சரியா மூணில் ரெண்டு பங்கு. இதை நிரூபிச்சவர் ஆர்க்கிமிடீஸ். நமக்கு இது எப்படி உதவும்?

கிளேயை 12 மி.மீ. தடிமன் உள்ள குச்சி மாதிரி உருட்டிக்கோங்க. அதை 8 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டாக வெட்டுங்க. ஒவ்வொரு துண்டையும் உருட்டினா 12 மி.மீ. உருண்டை கிடைக்கும். அவ்வளவுதான்.

- 9 மி.மீ. பீட் வேணுமா? 9 மி.மீ. குச்சி, 6 மி.மீ. துண்டு.
- 12 மி.மீ. பீட் வேணுமா? 12 மி.மீ. குச்சி, 8 மி.மீ. துண்டு.
- 18 மி.மீ. பீட் வேணுமா? 18 மி.மீ. குச்சி, 12 மி.மீ. துண்டு.

இந்த மூணு அளவைச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. 9, 12, 18 மி.மீ. எல்லாம் பிளைவுட் வர்ற அளவுகள். கார்ப்பென்டர்கிட்ட ஒரே பலகையில் வெட்டின ரெண்டு மீதத் துண்டு கேளுங்க, ஒரு அடி நீளம் போதும். மேசையில் ஒரு டைல்ஸ் போட்டு, அதன் மேல ரெண்டு துண்டையும் இணையா வைங்க. நடுவில் கிளே. மேலே ஒரு அக்ரிலிக் ஷீட்டை வெச்சு முன்னும் பின்னும் உருட்டுங்க. ஷீட் ரெண்டு பக்கமும் பலகையில் உட்கார்ந்ததும் நிறுத்துங்க. குச்சி முழுக்க ஒரே தடிமனில் இருக்கும். பலகையின் உண்மையான தடிமன் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கவலை இல்லை. எல்லா பீட்ஸும் ஒரே மாதிரி வரணும், அதுதான் முக்கியம்.

வெட்டும்போது பக்கத்தில் ஸ்கேல் வெச்சு குறி போட்டு, மெல்லிய பிளேடால் ஒரே அழுத்தாக வெட்டுங்க. முதல் துண்டும் கடைசித் துண்டும் கூம்பா இருக்கும், அதைச் சேர்க்காதீங்க.

டெரகோட்டா செய்றவங்க இதில் ஒரு படி கூட்டணும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். ஒரு பட்டையில் 10 செ.மீ. கோடு போட்டு, காய வெச்சு சுட்டுப் பாருங்க. கோடு 9 செ.மீ. ஆனா சுருக்கம் 10 சதவீதம். அப்போ 12 மி.மீ. பீட் வேணும்னா, ஈரத்தில் சுமார் 13.3 மி.மீ. உருட்டணும்.

ரோலரை எப்படிப் பயன்படுத்தணும்?

கிளேயை முதலில் நல்லா பிசைஞ்சுக்கோங்க. மடிச்சா விளிம்பில் விரிசல் விழக்கூடாது. உள்ளே காற்று நின்னா, வெட்டின துண்டு ஒரே நீளம் இருந்தும் பீட் அளவு மாறிடும்.

துண்டை முதலில் உள்ளங்கையில் உருண்டையாக்குங்க. பிறகு ரோலரின் கீழ்ப்பகுதிக் குழியில் வெச்சு, மேல்பகுதியை மூடி, லேசான அழுத்தத்தில் முன்னும் பின்னும் நகர்த்துங்க. ரோலர் ஒரே திசையில்தான் உருட்டும். அதனால நடுவில் நிறுத்தி, பீட்டைக் கால் வட்டம் திருப்பி வெச்சு மறுபடி உருட்டினா எல்லாப் பக்கமும் உருண்டையா வரும். கிளே குறைவா இருந்தா குழியின் சுவரில் படாது, வடிவம் முழுசா வராது. அதிகமா இருந்தா ஓரத்தில் பிதுங்கும். உங்க ரோலருக்கு எத்தனை மி.மீ. துண்டு சரியா பொருந்துதுன்னு நாலஞ்சு தடவை சோதிச்சு, அந்த எண்ணை ரோலர் மேலேயே மார்க்கரில் எழுதிடுங்க.

வெயில் நேரத்தில் கிளே ரொம்ப இளகிடும். பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைங்க. ஒட்டினா சோளமாவை லேசாத் தூவுங்க.

வெறும் உருண்டை பீட்ஸ் மட்டும்னா, ரோலரே தேவையில்லை, அக்ரிலிக் ஷீட்டும் கையும் போதும். நீள்வட்டம், ரெண்டு பக்கமும் கூரான வடிவம்னு போகும்போதுதான் ரோலர் காசுக்கு வேலை செய்யும்.

ஓட்டையும் பேக்கிங்கும்

ஊசியை ஒரேயடியா குத்தி வெளியே எடுத்தா பின்பக்கம் பிதுங்கும். பாதி வரை சுழற்றிக்கிட்டே குத்தி, எடுத்து, மறுபக்கத்தில் இருந்து மீதியைக் குத்துங்க. இல்லைன்னா பேக் பண்ணி ஆறின பிறகு சின்ன கை டிரில்லால் துளை போடலாம்.

பேக் பண்ணும்போது விசிறி மாதிரி மடிச்ச பேப்பரில் அடுக்கினா, பீட்ஸின் அடிப்பாகம் தட்டையாகாது. சூடும் நேரமும் பாக்கெட்டில் போட்டிருக்கிறபடிதான். சின்னதா ஒரு அவன் தெர்மாமீட்டர் உள்ளே வைங்க, டயலை மட்டும் நம்பாதீங்க. சூடு எல்லை மீறினா பி.வி.சி. கருகி, மூச்சை எரிக்கிற புகை வரும். ஜன்னலைத் திறந்து வைங்க. மைக்ரோவேவ் கூடவே கூடாது. கிளேக்கு எடுத்த பிளேடு, ட்ரே எதையும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீங்க.

வெளியே எடுத்ததும் தரம் பிரிங்க. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற வட்டத் துளை ஸ்கேல் இருந்தா, ஒவ்வொரு பீட்டையும் அதில் நுழைச்சுப் பார்த்தா போதும். ரொம்ப ஒத்துப்போறது கம்மலுக்கு. கொஞ்சம் முன்பின் இருக்கிறது மாலைக்கு. மீதி சாவிக்கொத்துக்கு. எதுவும் வீணில்லை.

இப்போ பணக் கணக்கு

இங்கே நான் சொல்ற விலை எல்லாம் உதாரணம்தான். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

ஒரு 12 மி.மீ. பீட்டுக்கு 1.6 கிராம் கிளே, கிராம் 2 ரூபாய்னு வெச்சுக்குவோம். 40 பீட் மாலைக்குக் கிளே 128 ரூபாய். நூல், கொக்கி, பேக்கிங், கரண்ட் எல்லாம் சேர்த்து 62 ரூபாய். மொத்தம் 190. அதை 350 ரூபாய்க்கு வித்தா, கையில் 160.

"160 ரூபாய் லாபம்!"னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி, நேரத்தைப் பாருங்க. பிசைஞ்சு, வெட்டி, உருட்டி, துளை போட்டு, தேய்ச்சு, கோர்த்து, ஃபோட்டோ எடுத்து பேக் பண்ண 2 மணி நேரம் 40 நிமிஷம் ஆகுதுன்னா, மணி நேரத்துக்கு 60 ரூபாய்தான். மாசம் 30,000 ரூபாய் சம்பளத்துக்கு 26 நாள், தினம் 8 மணி நேரம் வேலை பார்க்கிறவருக்கு ஆபீஸில் மணி நேரத்துக்கு 144 ரூபாய் கிடைக்குது. புரியுதா?

அதே மாலையை ஒரே நிறம், ஒரே அளவில் அஞ்சா சேர்த்துச் செஞ்சு, ஒண்ணுக்கு 100 நிமிஷமா குறைச்சீங்கன்னா 96 ரூபாயா ஏறும்.

இப்போ கம்மலைப் பாருங்க. ஜோடிக்கு ரெண்டே பீட். கிளே 6 ரூபாய் 40 காசு, கொக்கி 10, பேக்கிங் 15. மொத்தம் 31 ரூபாய் 40 காசு. 100 ரூபாய்க்கு வித்தா 68 ரூபாய் 60 காசு நிக்கும். ஜோடிக்கு 20 நிமிஷம்னா, மணி நேரத்துக்கு 206 ரூபாய்! கிளே குறைவு, நேரமும் குறைவு, ஆனா அளவு அச்சு அசலா இருக்கணும். நீங்க அளந்து வெட்டினதுக்கு அதிகமா பணம் வர்ற இடம் இதுதான்.

யாரும் சொல்லாத பகுதி: விற்காத சரக்கு

10 ஜோடி செஞ்சு 6 மட்டும் போச்சுன்னா? வரவு 600. ஆனா செலவு பத்துக்கும் சேர்த்து 314. மிச்சம் 286. செலவான நேரம் 200 நிமிஷம். 206 ரூபாயா இருந்தது, மணி நேரத்துக்கு சுமார் 86 ரூபாயா இறங்கிடுச்சு.

இதோட, 4,000 ரூபாய்க்குப் புதுசா ஓ.டி.ஜி. வாங்கியிருந்தா, எல்லாமே வித்தாக்கூட 59 ஜோடி போனாதான் அந்தக் காசு திரும்பும். பத்துக்கு ஆறுதான் விக்குதுன்னா, 140 ஜோடி செஞ்சு 84 விக்கணும். அதுவரைக்கும் உங்க உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

அதனால, இ.எம்.ஐ.யில் அவன் வாங்கி ஆரம்பிக்காதீங்க. வீட்டில் அவன் ஏற்கனவே இருந்தா, ட்ரேயை ஃபாயிலால் நல்லா மூடி அதிலேயே பேக் பண்ணுங்க. இல்லைன்னா தெரிஞ்சவங்ககிட்ட சும்மா கிடக்கிறதை வாங்கிப் பாருங்க. எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்கவே வேண்டாம்.

ஆபீஸும் வரியும்

உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வேறு தொழில் செய்யக்கூடாதுன்னு இருக்கான்னு முதலில் படிங்க. சந்தேகம்னா ஹெச்.ஆர்.கிட்ட எழுத்தில் கேட்டுக்கோங்க.

விற்பனையில் வர்ற லாபம் வியாபார வருமானம். சம்பளக்காரர்கள் வழக்கமா போடுற ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் அதைக் காட்ட முடியாது, வேற படிவம் போடணும். இன்னொண்ணு, சம்பளம் மட்டும் வாங்குறவங்க பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு வருஷா வருஷம் மாத்திக்கலாம். வியாபார வருமானம் வந்தா அந்தச் சுதந்திரம் அதே மாதிரி இருக்காது. வீட்டுக் கடன், ஹெச்.ஆர்.ஏ. கழிவுகளை நம்பிப் பழைய முறையில் இருக்கிறவங்க, ஆரம்பிக்கும் முன்னாடியே ஒரு ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க. விற்பனைக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் வெச்சு, யு.பி.ஐ.யை அதில் இணைச்சுட்டா கணக்கு சுலபம்.

எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரே நிறத்தில் ஒரே ஒரு பாக்கெட் கிளே, ரெண்டு பிளைவுட் துண்டு, ஒரு அக்ரிலிக் ஷீட், ஒரு பிளேடு. இது போதும். இந்த சனிக்கிழமை 20 பீட் மட்டும் செய்ங்க. பக்கத்தில் ஃபோனில் டைமர் ஓடட்டும். பத்து பீட்டை வரிசையா ஸ்கேலில் அடுக்குங்க. 12 மி.மீ. பீட்னா 12 செ.மீ. வரணும். அப்புறம் எத்தனை கிராம், எத்தனை நிமிஷம்னு நோட்டில் எழுதுங்க.

அந்த ரெண்டு எண்ணும் கையில் இருந்தா, இது உங்களுக்கு சைடு இன்கமா, இல்லை மனசுக்குப் பிடிச்ச பொழுதுபோக்கான்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. ரெண்டுமே தப்பில்லை. பொழுதுபோக்குன்னா அதுக்கு மாசம் ஒரு தொகை ஒதுக்கி, நிம்மதியா உருட்டுங்க. சைடு இன்கம்னா, பத்து ஜோடி கம்மல் செஞ்சு வித்துப் பார்த்துட்டு, அந்தக் காசில் ரோலரை வாங்குங்க.

குச்சி உருட்டி, வெட்டி, அளக்கிறதை நம்ம சேனல் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கலாம்.