ஊர்ப் பணம், ஊர் ஆலை

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்ப்ரியா என்று ஒரு பகுதி. மலையும் மழையும் செம்மறி ஆடும்தான் அங்கே. அதில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர்கள் காசு போட்டு ஒரு பீர் ஆலைக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

‘இயற்கை வேளாண்மை இதழில் பீருக்கு என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் கோப்புகளோடு வாழ்ந்தவன். அந்த ஆலைக்குப் பணம் வந்த வழி நம் மரச்செக்குக்கும் சிறுதானிய மில்லுக்கும் அப்படியே பொருந்துகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொட்டகையில் பிறந்த ஆலை

அந்த ஊரில் ‘ஓல்டு கிரவுன்’ என்று ஒரு பழைய பப். குடிக்கும் இடம் மட்டுமல்ல, ஊர் கூடிப் பேசும் இடமும் அதுதான். நம் ஊர் டீக்கடையும் சாவடியும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1988-இல் அதை நடத்தியவர், பின்புறம் இருந்த பழைய கொட்டகையைச் சீர்செய்து அதிலேயே பீர் தயாரிக்க ஆரம்பித்தார். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் என்ற பூவோடு கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. சுற்றியிருக்கும் ஸ்கிடா, பிளென்காத்ரா போன்ற மலைகளின் பெயரையே பீருக்கும் வைத்தார்கள்.

1999-இல் அவருக்கு ஓய்வு பெறும் காலம் வந்தது. வெளியூர் ஆள் வாங்கினால் ஆலை ஊரில் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஊர்க்காரர்கள் கூட்டுறவு அமைத்துத் தாங்களே வாங்கிவிட்டார்கள். 2003-இல் பப்பும் அதேபோல ஊர்க் கைக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தலைக்கு 1,500 பவுண்டு போட்டார்கள். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். எவரெஸ்ட் பயணங்களுக்குத் தலைமை தாங்கிய மலையேறி கிறிஸ் பானிங்டனும் அதில் ஒரு பங்குதாரர். கூட்டுறவில் அவர் மாதிரி பெரிய மனிதருக்கும் ஓட்டு ஒன்றுதான்.

அந்த நாட்டு அரசும் சிறிய ஆலைகளைக் கைவிடவில்லை. 2002-இல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டர் வரை தயாரிக்கும் சிறு ஆலை பீர் வரியில் பாதி கட்டினால் போதும் என்று அப்போது விதி இருந்தது. பெரிய கம்பெனிக்கும் கொட்டகை ஆலைக்கும் ஒரே வரி போடுவது நியாயமில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். இங்கே நம் பனையேறிக்குத் தன் மரத்தில் கள் இறக்கவே அனுமதி கிடையாது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய ரைஸ் மில்

அந்த ஊர்க் கதை நமக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய ரைஸ் மில் பூட்டிக் கிடக்கிறது. ஓட்டுக்கூரை, நெல் காயவைத்த சிமெண்டுக் களம், கிணறு, மும்முனை மின்சாரம் வந்துபோன கம்பம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உரிமையாளருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். போன மாதம் என்னிடம் சொன்னார்: “சைட் போடறவங்க வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க மேனேஜர். நீங்க குழுவா எடுத்துக்கறதுன்னா சொல்லுங்க, கொஞ்சம் பொறுக்கறேன்.”

எங்கள் குழுவில் கடலையும் எள்ளும் போடுகிறவர்கள் அதிகம். இயற்கையில் விளைந்த கடலையை மூட்டையாக விற்றால் வியாபாரி மண்டி விலைதான் தருவார். செக்கில் ஆட்டினால் 100 கிலோ பருப்புக்குச் சுமார் 40 கிலோ எண்ணெய். மீதி பிண்ணாக்கு நம் மாட்டுக்கு, மாட்டுச் சாணம் நம் மண்ணுக்கு. பீர் ஆலையிலும் சாறு எடுத்த பார்லிச் சக்கை கால்நடைக்குத்தான் போகிறது. ஆலை ஊரில் இருந்தால் சக்கையும் ஊரில் இருக்கும்.

குழுவில் இதைப் பேசியதும் ஒருவர், “மானியம் எவ்வளவு வரும்னு மொதல்ல கேளுங்க” என்றார். எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்விதான். நான் அதைத் திருப்பிக் கேட்டேன்: “நாம எவ்வளவு போடறோம்?”

கணக்கைப் பாருங்கள்

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிச் சட்டத்தில் தனிநபர் உறுப்பினர்களுக்கு, பங்கு எத்தனை இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது. விலை ஏற்றி விற்கவும் முடியாது, முக மதிப்புக்குத்தான் கைமாறும். லாபம் பார்க்க வருகிறவனுக்கு இதில் ருசி இல்லை. ஆலை ஊரை விட்டுப் போகாமல் காப்பதும் இதே விதிதான்.

2020-இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் பங்கு மானியம் எப்படி வந்தது? உறுப்பினர் போட்ட பங்குக்குச் சமமாக, தலைக்கு 2,000 ரூபாய் வரை, ஒரு அமைப்புக்கு மொத்தம் 15 லட்சம் வரை. 300 பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் ஒன்றரை லட்சம், மானியத்தோடு 3 லட்சம். அதே 300 பேர் 2,000 போட்டால் 6 லட்சம், மானியத்தோடு 12 லட்சம். நாம் கையை இறுக்கினால் மானியமும் இறுக்கும்.

வங்கியும் அப்படித்தான். கடன் கேட்டு வரும் அமைப்பின் கோப்பில் நான் முதலில் திருப்பிப் பார்த்த பக்கம் பங்கு முதல். உறுப்பினரே நம்பிப் பணம் போடாத தொழிலுக்கு வங்கி எதை நம்பிக் கொடுக்கும்?

இன்னொன்று. நான் பார்த்த மூடிய மில்களில் இயந்திரம் கெட்டு மூடியவை குறைவு. சரக்கு வாங்கப் பணமில்லாமல் மூடியவைதான் அதிகம். கடலை அறுவடை ஒரே சமயத்தில் வரும், எண்ணெயோ வருஷம் பூரா விற்கும். கட்டடத்துக்கும் செக்குக்கும் எல்லாப் பணத்தையும் இறக்கிவிட்டால், அறுவடை நாளில் நம் உறுப்பினரே மண்டிக்கு வண்டி கட்டுவார். திரட்டுவதில் மூன்றில் ஒரு பங்கையாவது கொள்முதலுக்கென்று தனியே வையுங்கள்.

பழைய கட்டடம் மலிவு என்று அவசரப்படவும் வேண்டாம். வில்லங்கச் சான்று, பட்டா இரண்டையும் முதலில் பாருங்கள். குத்தகை என்றால் பத்து வருஷத்துக்குக் குறையாமல் எழுதிப் பதிவு செய்யுங்கள். நாம் ஓடு மாற்றித் தரை போட்ட பிறகு, ‘காலி பண்ணுங்க’ என்ற சொல் வரக்கூடாது. ஆட்டுகிற வேலைக்கும் கணக்குக்கும் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். எல்லாரும் முதலாளி என்றால் காலையில் கதவைத் திறப்பது யார் என்ற சண்டை நிச்சயம் வரும்.

எங்கள் குழுவில் இதுவரை 64 பேர் ஆளுக்கு 2,000 தருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மில்லை எடுக்க இது போதாது. தை அறுவடைக்குள் 200 பேர் சேராவிட்டால் உரிமையாளரை மேலும் காக்கவைக்க எங்களுக்கு முகமில்லை. அந்தக் களத்தில் கல் நட்டு மனை பிரித்துவிடுவார்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு பூட்டிய மில்லோ கிட்டங்கியோ இருக்கும். அடுத்த கூட்டத்தில் மானியத்தைப் பற்றிக் கடைசியில் பேசுங்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்து வட்டமாகச் சுற்றி அனுப்புங்கள். பெயர், எதிரே தொகை. அந்தப் பக்கம் நிரம்பினால் ஆலை உங்களுடையது.