ஊசி போட்ட தாத்தாவுக்கு ஏன் வியர்க்கிறது?

சித்திரை வெயிலில் மதுரை கொதிக்கிறது. வைகை மணலில் கால் வைக்க முடிவதில்லை. அப்போது எல்லோருக்கும்தான் வியர்க்கும். ஆனால், மார்கழிப் பனியிலும் நடுராத்திரி உடம்பெல்லாம் வியர்த்து, எழுந்து உட்காரும் ஆண்களும் உண்டு!

அவர்கள், புராஸ்டேட் புற்று நோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிறது. வயதான காலத்தில் அதில் புற்று நோய் வரலாம். அந்த நோய்க்குத் தீனி, ஆண் ஹார்மோன். அதைக் குறைத்தால், எலும்புவரை பரவிய நோயும் அடங்குகிறது என்று 1941-ல் காட்டியவர், சிகாகோ டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். 25 ஆண்டு கழித்து, 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விதைகளை ஆபரேஷன் செய்து எடுப்பது, அன்றைய வழி. இன்றும் அது நடக்கிறது. ஒரே தடவையில் வேலை முடிகிறது. செலவும் குறைவு. ஆனால், பலர் அதற்குச் சம்மதிப்பதில்லை. அவர்களுக்குத்தான் ஊசி.

ஊசியின் தந்திரம்

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. மூளை அதை விட்டு விட்டுத் தட்டுகிறது. தட்டும்போதெல்லாம் அது, "ஹார்மோன் சுரக்கட்டும்" என்று விதைகளுக்கு உத்தரவு போடுகிறது. ஊசி மருந்தோ, விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் உத்தரவு அதிகமாகிறது. பிறகு சுரப்பி சலித்துப்போய், உத்தரவையே நிறுத்திவிடுகிறது! ஆரம்பத்தில் ஹார்மோன் ஏறும் அந்தச் சில நாட்களுக்காகத்தான், டாக்டர் கூடவே மாத்திரையும் கொடுக்கிறார். அதை விட்டுவிடக் கூடாது.

நோய் அடங்குகிறது. ஆனால், உடம்பு மாறுகிறது.

சொல்ல வெட்கம்

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், வயது 68 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி மதுரைக்கு வந்து ஊசி போட்டுக்கொள்கிறார். வரப்பில் நடந்தால் களைப்பு. தொப்பை விழுகிறது. கை கால் சதை குறைகிறது. எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. சில சமயம் அழுகை வருகிறது. மனைவியிடம் ஆசையும் போய்விட்டது. ராத்திரியில் முகம் குப்பென்று சூடேறி, வியர்த்துக் கொட்டுகிறது. இதையெல்லாம் அவர் யாரிடம் சொல்வார்? "ஆண்பிள்ளை இல்லாமல் போனோமே" என்று திண்ணையில் தனியாகப் படுத்துக்கொள்கிறார். அடுத்த ஊசியே வேண்டாம் என்றும் நினைக்கிறார். அதுதான் ஆபத்து.

விஷயம் வெளியே வந்தால், மனைவி என்ன சொல்வாள்?

"ஏங்க, எனக்கு தூரம் நின்னப்ப இதேதானே வந்துச்சு! அப்பவே சொல்லியிருந்தா விசிறியாவது கொண்டாந்து வச்சிருப்பேன்ல!"

அவள் சொல்வது சரி. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு வருகிற சூடும் இதுவும் ஒரே ஜாதி. ஹார்மோன் திடீரென்று குறைவதால் வருவது. மனப் பலவீனம் அல்ல. மிகவும் தொல்லை கொடுத்தால், அதற்கும் மருந்து உண்டு. டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆசை குறைந்ததையும் சொல்லலாம். டாக்டருக்கு அது புதிய செய்தி அல்ல.

ராகியும் நடையும்

சத்தமில்லாமல் வரும் கெடுதல் ஒன்று உண்டு. எலும்பு மெலிகிறது. வழுக்கி விழுந்தால் இடுப்பு முறியலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கூழோ களியோ, மதுரைச் சீமைக்குப் புதிதல்ல. பீடி, சிகரெட், சாராயம் எலும்புக்கு எதிரி.

களைப்பு என்று படுத்தே கிடந்தால் களைப்பு கூடும். தினமும் நடக்கவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகினால் தொடைச் சதை உறுதிப்படும். நோய் எலும்பில் பரவியிருந்தால் மட்டும், பளு தூக்குவதற்கு முன் டாக்டரைக் கேட்கவேண்டும்.

சர்க்கரை வியாதி, இருதய நோய் வரும் வாய்ப்பும் இந்தச் சிகிச்சையில் கூடுகிறது. ஆகவே ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது அவசியம். உடம்பு எரிகிறதே என்று தினமும் ஜிகர்தண்டா குடிக்க முடியாது! (மதுரைக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான்.) மோர் போதும். சுடச்சுடக் காப்பியும் காரக் குழம்பும் சிலருக்குச் சூட்டைக் கிளப்பிவிடும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரவர் பார்த்து ஒதுக்கவேண்டும்.

சிலருக்கு நோய் நன்றாக அடங்கியபின், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரே ஊசிக்குக் கொஞ்ச காலம் லீவு விடுவதும் உண்டு. எல்லோருக்கும் அது பொருந்தாது. அதுவரை, அடுத்த ஊசித் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது, வீட்டில் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையின் வேலை.