சாயக்கழிவும் ஆட்டிசமும்

குழந்தைக்குப் பேச்சு வரத் தாமதமானால் எங்கள் அவிநாசிபாளையம் பக்கத்தில் சிலர் தாயைக் குறை கூறுவர். சிலர் சாயத் தண்ணீரைக் கூறுவர். அறிவியல் என்ன சொல்கிறது?

1943-இல் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தார். தாயின் பாசக்குறைவே அதற்குக் காரணம் என மருத்துவர் பலர் நெடுங்காலம் நம்பினர். இரட்டையர் பற்றிய ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. மரபணுக்களின் பங்கே பெரிது எனக் காட்டின.

சூழலுக்கும் பங்குண்டு. கருவுற்ற காலத்தில் தாய் உட்கொள்ளும் வால்புரோயேட் என்னும் வலிப்பு மருந்து, குழந்தைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பை உயர்த்துகிறது. (மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்துவதும் ஆபத்தே.) காற்று மாசு, பூச்சிக்கொல்லி ஆகியவற்றோடும் தொடர்பு காணப்பட்டுள்ளது. ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. தடுப்பூசியைச் சந்தேகித்த 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் விலக்கிக்கொண்டது.

நம் நொய்யலுக்கு வருவோம். சாயக்கழிவின் உப்பு ஒரத்துப்பாளையம் அணை நீரைக் கெடுத்தது. வயலும் கிணறும் பாழாயின. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆற்றைக் காக்க இக்காரணங்களே போதும். ஆட்டிசத்தையும் அக்கணக்கில் எழுதத் தனிச்சான்று வேண்டும்.

நண்பர்களே, பேச்சு தாமதமாகும் குழந்தையைக் கண்டால், பழி பேசாது அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள். பயிற்சியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று.