செட்டிநாட்டு மரபு விடுதிகள்

செட்டிநாட்டு மரபு விடுதிகள் என்பவை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலுள்ள நகரத்தார் வீடுகளைப் பழைய அமைப்புக் கெடாமல் சீரமைத்து நடத்தப்படும் சிறிய தங்கும் விடுதிகள் ஆகும்.

பின்னணி

பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வணிகம் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு நகரத்தார் இவ்வீடுகளைக் கட்டினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வணிகம் நலிந்தது. வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுச் சொத்தாயின. பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன.

விடுதிகள்

காரைக்குடியில் ‘பங்களா’ 1999இல் விடுதியாயிற்று. கானாடுகாத்தானில் ‘விசாலம்’, கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கொத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’ ஆகியவை பின்னர் வந்தவை. இவற்றுள் விசாலம், தந்தை ஒருவர் தம் மகளுக்காகக் கட்டிய வீடு.

பயனும் எல்லையும்

பழைய வீட்டைச் சீரமைக்க, ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்போரும் சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தனார்களும் தேவை. எனவே விடுதிகள் கட்டடத்தோடு கைத்தொழிலையும் காக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுக்களத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் விடுதியாக மாறியவை மிகச் சிலவே. திருமணத்திற்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகளின் எதிர்காலம், பங்காளிகளின் ஒற்றுமையைப் பொறுத்தே உள்ளது.