தெருவில் ஒரு கார் பந்தயம்... ஒரு தாய் பார்த்தது!

வெந்நீரில் பஞ்சை நனைத்து மகனின் முழங்கையைத் துடைக்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. “கிரவுண்ட்ல கால் தடுக்கி விழுந்துட்டேம்மா” என்று சொல்லியிருந்தான். ஆனால் காயத்தில் மண் இல்லை. கறுப்பாகத் தார்ப் பொடி! பதினாறு வருஷமாக இந்தப் பிள்ளையின் சிராய்ப்புகளைக் கழுவுகிறேன். மண் எது, தார் எது என்று எனக்குத் தெரியாதா?

சத்தம் போடவில்லை. “யார் வண்டி?” என்று மட்டும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

“ஃப்ரெண்டோட அண்ணன் வண்டிம்மா. நான் ஓட்டல. பின்னாடிதான் உக்காந்திருந்தேன்.”

வண்டலூரில் புறப்பட்டு, சுமார் 60 கிலோமீட்டர் ஓடிவந்து எங்கள் மீஞ்சூரில் முடிகிறது வெளிவட்டச் சாலை. அகலமான, நேரான சாலை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகிற கண்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் பாராமல் ஓடும். அந்த லாரிகளுக்கு நடுவே புகுந்து பைக்கில் ‘ரேஸ்’ விடும் பையன்களைப் பற்றி அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ‘யார் பெற்ற பிள்ளைகளோ’ என்று உச்சுக்கொட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தவள்தான் நானும். இப்போது நான் பெற்றதே அந்தக் கூட்டத்தில்!

என் வீட்டுக்காரர் கோபத்தில் குதித்தார். “இனிமே வாசப்படி தாண்டட்டும், பாக்கறேன்” என்றார். எதிர்வீட்டு அண்ணன்தான் சமாதானப்படுத்தினார். நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். “தங்கச்சி, பூட்டி வெச்சா பூட்டைத்தான் உடைப்பான். நிஜ ரேஸுன்னா என்னன்னு ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிடுவோம். அப்புறமா பேசலாம்” என்றார்.

அப்படித்தான் 2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டு, மீஞ்சூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, தீவுத்திடலுக்கு நடந்தோம். கார் பந்தயம் பார்க்க நான்! கேட்டால் என் மாமியார்கூடச் சிரிப்பார்.

சோழவரமும் தீவுத்திடலும்

வழியெல்லாம் அண்ணன் பழைய கதை சொன்னார். எங்கள் பக்கத்து சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருஷம் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே தனிப் பாதை அமைந்து, 1990-ல் திறந்தார்கள்.

“சோழவரத்துல கார் தடம் மாறினா வெட்டவெளிக்குப் போய் நிக்கும்மா. புழுதியைத் தட்டிட்டுத் திரும்ப வரலாம். இங்க அப்படி இல்ல. பாரு...” என்று காட்டினார்.

பார்த்தேன். தினமும் பஸ்ஸும் ஆட்டோவும் போகிற அதே சாலைகள். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, கூவத்தின் மேல் நேப்பியர் பாலம். எல்லாவற்றையும் வளைத்து 3.5 கிலோமீட்டர் சுற்று. அதற்குள் 19 வளைவுகள்! இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர்கள், அவற்றின் மேல் கம்பி வேலி. 2023 டிசம்பரில் நடக்கவேண்டிய பந்தயம் இது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையே மிதந்ததால் தள்ளிப்போய், கடைசியில் ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும், விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பந்தயமாக நடந்தது. முதல் நாள் மழையும், பாதைக்குச் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைப்பதில் ஏற்பட்ட தாமதமும் சேர்ந்துகொள்ள, பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறின.

“சான்றிதழ் வர்ற வரைக்கும் கார் நகரக் கூடாது. கூட்டம் காத்திருந்தாலும் சரி, மந்திரியே காத்திருந்தாலும் சரி” என்றார் அண்ணன். மகன் காதில் விழட்டும் என்றே சொன்னார் போலிருக்கிறது.

தெரு, தெருதானே!

வீட்டுக் கூடத்தில் கல்யாணம் நடத்துவது போலத்தான் தெருவில் பந்தயம் நடத்துவதும். மண்டபத்தில் எல்லாம் அதற்கென்றே கட்டியிருக்கும். கூடத்தில் தூண் குறுக்கே நிற்கும், நிலைப்படி தலையில் இடிக்கும்.

தெருவில் மழைநீர் வடிய வேண்டும் என்று சாலையின் நடுவை மேடாகவும் ஓரத்தைச் சரிவாகவும் போட்டிருப்பார்கள். கார் ஓரத்துக்கு வந்தால் பிடிப்பு மாறும். சாலையில் அடித்திருக்கிற வெள்ளைக்கோடு கொஞ்சம் ஈரம் பட்டாலும் வழுக்கும், சோப்புத் தண்ணீர் கொட்டிய பாத்ரூம் தரை மாதிரி. தினசரி வண்டிகள் சிந்திய எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். பந்தயக் கார்கள் ஓட ஓட, டயரின் ரப்பர் தேய்ந்து சாலையில் படிந்த பிறகுதான் நல்ல பிடிப்பு வரும். அதுவும் எல்லாரும் ஓட்டுகிற அந்த ஒரு தடத்தில் மட்டும். தடத்தை விட்டு அரை அடி விலகினாலும் மறுபடி தூசிதான்.

அப்புறம் பாதாளச் சாக்கடை மூடிகள்! அடியில் காற்றை உறிஞ்சியபடி பறக்கும் கார், மூடியையே பெயர்த்துத் தூக்கிவிடுமாம். அதனால் அவற்றை அசையாமல் இறுக்கிவைப்பார்கள். அப்படியும் 2023 நவம்பரில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் தெருவில் ஃபார்முலா 1 பயிற்சி தொடங்கி பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தண்ணீர் வால்வு மூடி ஒன்று பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஃபெராரி காரின் அடிப்பாகத்தைக் கிழித்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்த இடத்தில் ஒரு மூடி செய்த வேலை!

நம் ஊரில் நம் ஊர்ப் பிரச்னை. சென்னைப் பந்தயத்தின்போது ஒரு தெருநாய் பாதைக்குள் புகுந்து எல்லாரையும் பதற வைத்தது. மகன் சிரித்தான். “ரிங் ரோட்டில் நாய் வந்தால் கொடி காட்டி நிறுத்த யார் இருக்காங்க?” என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

சுவர் மன்னிக்காது

எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு வளைவுக்கு எதிரே. கார்கள் வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. வளைவில் சுவருக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். தங்கநகைக் கடைத் தராசு மாதிரி அத்தனை துல்லியம்.

குறுகலான தெருவில் முன்னால் போகிற காரைத் தாண்டுவதுதான் பெரிய கஷ்டம். தெருப் பந்தயங்களுக்கெல்லாம் தாத்தா, 1929-ல் தொடங்கிய மொனாக்கோ. சுற்றளவு சுமார் 3.3 கிலோமீட்டர். 2024-ல் அங்கே முதல் பத்து இடங்களில் புறப்பட்டவர்கள், அதே வரிசையில்தான் போய் முடித்தார்கள். ஒருவரைக்கூட ஒருவர் தாண்ட முடியவில்லை! தாண்டியே தீருவேன் என்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. 2010-ல் நம் சென்னைப் பிள்ளை கருண் சந்தோக் மொனாக்கோவில் ஓட்டினார். பந்தயம் முடியச் சில சுற்றுகளே பாக்கி. பின்னால் வந்த யார்னோ ட்ருல்லி குறுகிய வளைவில் உள்ளே நுழைய முயல, அவருடைய கார் கருண் காரின் மேலேயே ஏறிவிட்டது! தலைக்கு மிக அருகே இன்னொரு காரின் சக்கரம். இருவரும் தப்பியது அதிர்ஷ்டம். அந்தக் காட்சியைப் பார்க்கிற எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும்.

இன்று ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைவாக ஓர் உலோகச் சட்டம் இருக்கிறது. ‘ஹேலோ’ என்று பெயர். ஃபார்முலா 1-ல் 2018-ல் கட்டாயமாயிற்று. சென்னையில் ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் பார்த்தேன்.

கவனம் ஒரு நொடி பிசகினாலும் போதும். 1988-ல் அதே மொனாக்கோவில், அயர்ட்டன் சென்னா என்ற மகா கெட்டிக்காரர் ஏறக்குறைய ஒரு நிமிஷம் முன்னிலையில் இருந்தார். ஜெயித்தாகிவிட்டது என்று மனசு சற்றுத் தளர்ந்தது. கார் சுவரில்! அடுப்பில் பாலை வைத்து, ‘இன்னும் பொங்கவில்லையே’ என்று திரும்புகிற அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதுதான்.

நட்டும் போல்ட்டும் பார்த்தவர்கள்

இதில் பெண்களும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு! இந்தியன் ரேசிங் லீகில் ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநராவது இருக்க வேண்டும் என்பது விதி. ஃபார்முலா 1 உலகப் போட்டியில் புள்ளி எடுத்த ஒரே பெண், இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. 1975-ல் பார்ஸிலோனாவில், ஒரு பூங்காவைச் சுற்றிய தெருப் பாதையில் ஆறாவதாக வந்தார்.

ஆனால் அந்தப் பந்தயத்தின் கதை சோகமானது. பாதுகாப்புத் தடுப்புகளின் போல்ட்டுகள் பல இடங்களில் சரியாக முடுக்கப்படவில்லை என்று ஓட்டுநர்கள் கண்டுபிடித்து, ஓட்ட மாட்டோம் என்றார்கள். அணிகளின் ஆட்களே ஸ்பானரோடு இறங்கி முடுக்கினார்கள். உலக சாம்பியனாயிருந்த எமர்சன் ஃபிட்டிபால்டி, பந்தயத்தில் ஓட்டாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டார். நடந்த பந்தயத்தில் ஒரு காரின் பின்சிறகு உடைய, கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து, அந்தப் பக்கம் இருந்த சிலர் உயிரிழந்தார்கள். பந்தயம் பாதியில் நின்றது. லெல்லாவுக்குக் கிடைத்தது அரைப் புள்ளி.

‘ஓட்ட மாட்டேன்’ என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். என் மகனிடம் இதைத்தான் இரண்டு தரம் சொன்னேன்.

இன்னொரு பெண் ஜெர்மனியின் சோபியா ஃபுளோர்ஷ். 2018-ல், 17 வயதில், மக்காவ் நகரத் தெருவில் அவர் கார் வேலியைத் தாண்டிப் பறந்தது. முதுகெலும்பு முறிவு, பல மணி நேர ஆபரேஷன். அடுத்த வருஷமே அதே தெருவில் வந்து ஓட்டினார்! பெண்ணின் மன உறுதியை மெச்சுவதா, அவளை வழியனுப்பிய தாயின் மனசை நினைப்பதா?

உடம்பு படும் பாடு

உட்கார்ந்து ஓட்டுவதுதானே என்று நினைத்தேன். தவறு! தீப்பிடிக்காத கனத்த உடை, தலைக்கவசம், பக்கத்தில் கொதிக்கும் எஞ்சின். தெருப் பாதையில் ஓய்வெடுக்க நீண்ட நேர்வழி குறைவு. ஒரு வளைவு முடியுமுன் அடுத்தது. சிங்கப்பூரின் இரவுத் தெருப் பந்தயத்தில் ஃபார்முலா 1 வீரர்கள் வியர்வையிலேயே இரண்டு மூன்று கிலோ எடை இழப்பார்கள். அதற்காக மாதக்கணக்கில் கழுத்துக்குத் தனிப் பயிற்சி, சாப்பாட்டில் கட்டுப்பாடு, போதுமான தூக்கம்.

பார்க்கப் போகிற நமக்கும் ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் வரைதான் காது தாங்கும். 100 டெசிபல் என்றால் சுமார் 15 நிமிஷமே! பந்தயச் சத்தம் அதையும் மிஞ்சலாம். பெரியவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை அழைத்துப்போகவே வேண்டாம். ஆஸ்பத்திரிகள் அருகிலிருக்கும் இடத்தில் இந்தச் சத்தம் தேவையா என்ற கேள்வி ஐகோர்ட் வரை போனது. நோயாளிக்குப் பக்கத்தில் கண்விழித்து உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

திரும்பும் ரயிலில்...

ராத்திரி ரயிலில் கூட்டம் குறைவு. தொக்கு தீர்ந்து, சப்பாத்தி இரண்டு மிச்சம்.

“ஃபார்முலா 4-ல பதினஞ்சு வயசுலயே ஓட்டலாமாம்மா. ரோட்டுல ஓட்டத்தான் பதினெட்டுக் கேக்கறாங்க” என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணன்தான் சொன்னார். “டேய், அந்தப் பதினஞ்சு வயசுப் பையனைச் சுத்தி எத்தினி பேரு நிக்கிறாங்க, எண்ணினியா? டாக்டரு, ஆம்புலன்ஸு, தீயணைக்கிறவங்க, கொடி காட்டறவங்க. எதிர்ல லாரி வராது. எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க. உங்க ரிங் ரோட்டுல யார்ரா நிக்கறாங்க? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கே பயந்துட்டு, கூட வந்தவன் ஓடிப் போயிடுவான்.”

மகன் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்திப்பட்டு தாண்டியதும் மெதுவாகச் சொன்னான். “அன்னிக்கு அப்படித்தான் மாமா ஆச்சு. விழுந்ததும் ரெண்டு வண்டி நிக்காமப் போயிடுச்சு.”

என் கை அவன் முழங்கைமேல் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

அவன் அடியோடு மாறிவிட்டான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பதினாறு வயசு, பதினாறு வயசுதான். ஆனால் அடுத்த வாரம் நண்பன் வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது, “நான் வரலடா” என்று அவனே போய்ச் சொன்னான். அது எனக்குப் போதும்.

அம்மாக்கள் கவனத்துக்கு

* 16 வயதில் 50 சி.சி.க்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ். கியர் பைக்கும் காரும் 18 வயதுக்குப் பிறகுதான்.

* 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

* பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட், மூடாத குடைக்குச் சமம்.

* 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை இரு சக்கர வண்டியில் அழைத்துப்போனால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், குழந்தை அளவு ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

* பிள்ளையின் காயத்தைக் கழுவும்போது, அது மண்ணா, தாரா என்று ஒரு தரம் உற்றுப் பாருங்கள்.