பிடித்துக் கொடுத்தவர் எட்டப்பரா?

"எட்டப்பன்" என்றால் "காட்டிக் கொடுத்தவன்" என்று தமிழ்நாட்டில் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்து வெள்ளையரிடம் ஒப்படைத்தது எட்டயபுரம் அல்ல, புதுக்கோட்டைத் தொண்டைமான்! பின் எட்டயபுரத்துக்கு ஏன் இந்தப் பழி? கதை கரிசல் காட்டு எல்லைத் தகராறில் இருக்கிறது.

முயல் காட்டிய இடம்

கட்டபொம்மன் முன்னோர் தெலுங்கு பேசும் கம்பளத்தார். ஒட்டப்பிடாரம் சீமையை ஆண்ட ஜெகவீரபாண்டியனிடம் மந்திரியாக இருந்த ஒருவர், அவனுக்குப் பின் ஆட்சியில் அமர்ந்தார் என்பது வழிவழிக் கதை. வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்தினவாம். ஓரிடம் வந்ததும் முயல் திரும்பி நாய்களை விரட்டியதாம்! "இது வீர பூமி" என்று அங்கே கோட்டை கட்டினார்கள். அதுவே பாஞ்சாலங்குறிச்சி.

பெயர்தான் கோட்டை. கல் கிடையாது, முழுவதும் மண்!

இரண்டு ஊர்கள்

வீரபாண்டியன் 1790-ல் பட்டத்துக்கு வந்தார். வயது 30. அண்டைப் பாளையமான எட்டயபுரத்தோடு பழைய எல்லைச் சண்டை அவருக்குச் சீதனமாக வந்தது. கரிசல் சீமையில் ஆற்றுப் பாசனம் இல்லை. மழை ஈரத்தைப் பிடித்து வைக்கும் மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தால்தான் பாளையக்காரர் கையில் பணம். ஒரு ஊர் போனாலும் வருமானத்தில் ஓட்டை!

அப்படிப்பட்ட இடத்தில் அருங்குளம், சுப்பலாபுரம் என்ற இரண்டு ஊர்களைக் கும்பினியார் எட்டயபுரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஊரையும் பிடுங்கிக்கொண்டு கிஸ்தி பாக்கியும் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

கயத்தாற்றில் அந்தப் பார்வை

1799 செப்டம்பர் 5. மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினான். முதல் தாக்குதலில் வெள்ளைப்படை தோற்றது. ஆனால் பெரிய பீரங்கிகள் வருவதற்குள் கட்டபொம்மன் வெளியேறினார். கோலார்பட்டியில் எட்டயபுரத்துப் படை வளைத்தது. தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு, நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் தப்பிப் புதுக்கோட்டைச் சீமைக்குப் போனார். அங்கேதான் தொண்டைமான் ஆட்கள் பிடித்தார்கள்.

அக்டோபர் 16. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு தூக்குத் தண்டனை சொன்னான் பானர்மன். கட்டபொம்மன் கலங்கவில்லை. நடந்து போகும்போது எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு பார்த்துக்கொண்டே போனார். இதை எழுதி வைத்தவன் பானர்மனேதான்.

"அம்மை!"

பகை அதோடு தீரவில்லை. தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டை ஆறே நாளில் மறுபடி எழுந்தது! மே 24-ல் அது விழுந்தபோது, ஊமைத்துரை காயம் பட்டுப் பிணங்களோடு கிடந்தார்.

மகனைத் தேடி வந்தாள் ஒரு தாய். குற்றுயிராய்க் கிடந்த மகன், "என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று" என்றான். அவள் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தார்கள். பெண்கள் ஊமைத்துரை மேல் துணியைப் போர்த்தி, "அம்மையில் பிள்ளை போய்விட்டானே!" என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடினார்கள். போரில் வெள்ளையர் பக்கம் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி எழுதிய செய்தி இது. அந்தத் தாயின் பெயரை அவர் கேட்டு எழுதியிருக்கக் கூடாதா?

அவ்வாண்டு நவம்பரில் ஊமைத்துரையும் கொல்லப்பட்டார். கோட்டை தரைமட்டமானது. பாஞ்சாலங்குறிச்சி நிலங்களைக் கும்பினியார் எட்டயபுரத்துக்கும் மணியாச்சிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்.