அடுத்தவர் யார்?

ஜெர்மனியில் அரசாங்கத் தலைவரான சான்சலரை, "இவர் வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நாடாளுமன்றம் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அடுத்தவர் யார் என்பதையும் அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். 1949-இல் இயற்றிய அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு இது. கவிழ்ப்பதற்கு மட்டுமே கட்சிகள் கைகோத்த, முந்தைய ஜெர்மன் ஆட்சியான வைமர் குடியரசின் சீரழிவைக் கண்ணால் கண்டவர்கள் எழுதிய விதி.

1972-இல் இத்தகைய வாக்கெடுப்பில் எதிரணிக்கு இரண்டு வாக்குகள் குறைந்ததால் சான்சலர் வில்லி பிராண்ட் தப்பினார்.

1982 அக்டோபர் 1-இல் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட்டால் தப்ப முடியவில்லை. கூட்டணிக் கட்சியான சுதந்திர ஜனநாயகக் கட்சி அணி மாறியிருந்தது. தேவை 249 வாக்குகள்; எதிரணி வேட்பாளர் ஹெல்முட் கோலுக்குக் கிடைத்தவை 256. அன்றே அவர் பதவியேற்றார். நாடு ஒரு நாள்கூடத் தலைமையின்றித் தவிக்கவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பெருஞ்சிறப்பு.

ஸ்பெயினிலும் இதே முறைதான். 2018 ஜூன் 1-இல் மரியானோ ரஹோயை அகற்றிய 180 வாக்குகளே பெத்ரோ சான்செஸைப் பிரதமராக்கின.